பிழை திருத்துபவன் வீட்டில் ஒரு குழந்தை

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். அச்சுக்குப் போகும் முன் ஒரு நூலில் உள்ள எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை, விடுபட்ட வரி, இடம் மாறிய அடிக்குறிப்பு ஆகியவற்றைத் தேடிப் பிடித்துச் சிவப்பு மையால் குறித்துக் கொடுப்பேன். மகள் பிறந்த ஆறாம் மாதத்தில் மனைவியின் பேறுகால விடுப்பு முடிந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்பவன் நான் என்பதால் பகல் முழுவதும் குழந்தை என் பொறுப்புக்கு வந்தாள். அதே வாரத்தில் குழந்தை வளர்ச்சி உளவியல் பற்றிய பாடநூல் ஒன்றின் மெய்ப்பும் வந்து சேர்ந்தது. இரண்டு தடித்த தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று மெய்ப்பு. மேசைக்கு மேலே நூல், மேசைக்குக் கீழே அந்த நூல் பேசுகிற ஆள் என்று ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழிந்தது.

படித்ததை அப்படியே கடைப்பிடித்துக் குழந்தை வளர்த்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒரு பக்கத்தைப் படித்து, அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, மகளிடம் சோதித்துப் பார்த்து, மூக்குடைபட்டு, மீண்டும் அதே பக்கத்துக்குத் திரும்பிவந்து விளங்கிக்கொண்டவையே மிகுதி. பிழையைக் கண்டவுடன் திருத்திப் பழகிய கைக்கு, குழந்தையின் பிழைகளில் பெரும்பாலானவை திருத்தத் தேவையில்லாதவை என்பதும், சில பிழைகள் வந்தே தீர வேண்டியவை என்பதும் உறைக்க நெடுநாள் ஆயிற்று. அது உறைத்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் துண்டு விவகாரம். ஏழாம் மாதத்தில் அவள் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் சாவிக்கொத்தை ஒரு துண்டால் மூடினால், சாவியை மறந்துவிட்டுத் துண்டின் ஓரத்தைச் சப்பத் தொடங்குவாள். ஒன்பதாம் மாதத்தில் அது மாறியது. துண்டை இழுத்தெறிந்துவிட்டுச் சாவியை எடுத்தாள். கண்ணில் படாத பொருளும் இருந்துகொண்டேதான் இருக்கிறது என்ற இந்த அறிவைப் பொருள் நிலைப்பு என்கிறார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே, தம் மூன்று குழந்தைகளின் கண்ணெதிரே பொருள்களை மறைத்தும் எடுத்தும் விளையாடி, அவர்கள் செய்ததையெல்லாம் நாள்தோறும் குறித்துவைத்து இந்தக் கருத்தை வந்தடைந்தார். வீட்டில் குழந்தையும் கையில் பேனாவும் இருக்கும் எந்தத் தகப்பனுக்கும் அதைப் படித்தால் கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

நான் இரண்டு துண்டுகளை விரித்தேன். சாவியை இடப்பக்கத் துண்டின் கீழ் வைத்தேன், எடுத்தாள். மறுபடி அங்கேயே வைத்தேன்; எடுத்தாள். மூன்றாம் முறை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாவியை வலப்பக்கத் துண்டின் கீழ் வைத்து மூடினேன். அவள் கண் வலப்பக்கம் போனது. கை இடப்பக்கம் போனது. தூக்கிய துண்டைக் கையில் பிடித்தபடி வெறும் தரையைப் பார்த்தாள். பிறகு, நான்தான் ஏதோ சூது செய்துவிட்டேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிழையைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாத நான், அவள் கையைப் பிடித்துச் சரியான துண்டின்மேல் வைத்துக் காட்டினேன். ஆறு முறை சொல்லிக் கொடுத்தேன். ஆறாவது முறையில் அவள் இரண்டு துண்டுகளையும் விட்டுவிட்டு அழத் தொடங்கினாள்.

பொருள் அதன் இடத்தைச் சாராமல் தனியே இருக்கிறது என்ற எண்ணம் இன்னும் முழுமையாகவில்லை என்பது இதற்குப் பியாஜே தந்த விளக்கம். பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. ஐந்து மாதக் குழந்தைகள்கூட, மறைந்திருக்கும் பொருள் ஒன்றை ஊடுருவிப் பலகை சரிவதுபோன்ற நடக்க முடியாத காட்சியை நெடுநேரம் உற்றுப் பார்க்கிறார்கள் என்று ரெனே பையார்ஜோன் குழுவினர் 1985இல் காட்டினார்கள். அடேல் டயமண்ட், மறைப்பதற்கும் எடுக்கவிடுவதற்கும் இடையே உள்ள நேரத்தை அளந்தார். ஏழரை மாதக் குழந்தைக்கு இரண்டு விநாடிக்கும் குறைவான தாமதமே இந்தப் பிழையைச் செய்யப் போதுமானது. பன்னிரண்டு மாதத்தில் பத்து விநாடிக்கு மேல் தாமதித்தால்தான் பிழை வருகிறது. நினைவில் வைத்திருப்பதும், பழகிய திசைக்குப் போகும் கையை அடக்குவதும் மூளையின் முன்பகுதி முதிர முதிரத்தான் கைகூடுகின்றன. எஸ்தர் தெலனும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டது இன்னும் வேடிக்கையானது: உட்கார்ந்திருந்த குழந்தையை இடையில் தூக்கி நிற்கவைத்துவிட்டால் இந்தப் பிழை பெருமளவு மறைந்துவிடுகிறது. பழக்கம் கையில் மட்டும் இல்லை, உட்கார்ந்திருந்த நிலையிலும் இருந்திருக்கிறது.

இது வெறும் ஏட்டு விவாதமாக எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் இரண்டு மாதம் கழித்து அதையே வேறொரு வடிவத்தில் பார்த்தேன். சுவரில் தாழ்வாக இருந்த மின்செருகியை நோக்கித் தவழ்ந்து போவாள். நான் "வேண்டாம்" என்பேன். அவளும் என்னைத் திரும்பிப் பார்த்து, "வேண்டாம்" என்பதுபோல் தலையை இருபுறமும் ஆட்டுவாள். ஆட்டிக்கொண்டே விரலை அதில் வைப்பாள். அழுத்தக்காரி என்று என் பெரியம்மா சிரித்தார். எனக்குத் துண்டு நினைவுக்கு வந்தது: கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குக் கட்டுப்படவில்லை. அன்றே செருகிக்கு மூடி போட்டேன், அவள் விளையாடும் பாயை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினேன். குரலை உயர்த்துவதைவிட இடத்தை மாற்றுவது அந்த வயதில் பலனளிக்கிறது. தடுக்கும் திறன் பிறகு மெல்ல மெல்ல வருகிறது, மூன்று வயதிலும் அரைகுறையாகத்தான் இருக்கிறது. ஆகவே "சொன்னது தெரிந்தும் செய்கிறாள்" என்ற குற்றச்சாட்டில் முதல் பாதி உண்மையாக இருந்தாலும் இரண்டாம் பாதிக்கு அவளைப் பொறுப்பாக்க முடியாது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அத்தியாயத்தில் இரண்டு மறைவிடங்களையும் காட்டும் படம் ஒன்று இருந்தது. அதில் இரண்டு குறியீடுகளும் இடம் மாறி அச்சாகியிருந்தன. மூன்று மெய்ப்பிலும் நான் அதைக் கவனிக்கவில்லை. நூல் வெளிவந்த பிறகு ஒரு வாசகர்தான் கண்டுபிடித்து எழுதினார்.

அழுகைக்கு வருகிறேன். அழுதவுடன் தூக்கினால் குழந்தை கெட்டுப்போகும், கைச்சூடு பழகிவிடும் என்று சொல்லாதவர்கள் இல்லை. இந்த எண்ணம் பல சமூகங்களில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிவியலின் பெயராலேயே இது போதிக்கப்பட்டது. பால் கொடுப்பவரிடம் குழந்தை ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான் என்றே அப்போது பலரும் கருதினார்கள். 1958இல் ஹாரி ஹார்லோ வெளியிட்ட குரங்குக்குட்டி ஆய்வு அந்தக் கருத்தை ஆட்டங்காணச் செய்தது: பால் புட்டி பொருத்திய கம்பிப் பொம்மைத் தாயிடம் குட்டிகள் பசியாறிவிட்டு, மீதிப் பொழுதை மெத்தென்ற துணி போர்த்திய பொம்மையிடமே கழித்தன. அந்தக் குட்டிகள் பட்ட பாட்டை நினைத்தால் அந்த ஆய்வைப் பாராட்ட மனம் வருவதில்லை என்றாலும், அது காட்டியதை மறுக்க முடியாது. பிரிட்டனில் ஜான் பௌல்பி, பராமரிப்பவரை அண்டியிருக்கும் உந்துதல் பசியைப் போலவே குழந்தைக்கு இயல்பானது என்ற பற்றுறவுக் கோட்பாட்டை வகுத்தார். மேரி எய்ன்ஸ்வொர்த் முதலில் உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் வீடு வீடாகச் சென்று அதைக் கண்ணால் பார்த்தார். பால்டிமோரில் 26 தாய் சேய் இணைகளைக் கவனித்ததில், முதல் மாதங்களில் அழுகைக்கு விரைந்து பதில் கிடைத்த குழந்தைகள் முதலாண்டின் இறுதியில் குறைவாக அழுதார்கள் என்று சில்வியா பெல்லும் அவரும் 1972இல் எழுதினார்கள். அந்தக் கணக்கீட்டு முறைபற்றிப் பிறகு வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. ஆனால் தூக்குவதால் கெடுகிறது என்பதற்கு அங்கே சான்று எதுவும் இல்லை. நான் தூக்கினேன்.

ஆனால் எய்ன்ஸ்வொர்த்தின் புகழ்பெற்ற சோதனையை நான் படித்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பழக்கமில்லாத அறை ஒன்றில் ஓராண்டு நிரம்பிய குழந்தையும் தாயும் இருப்பார்கள். புதியவர் ஒருவர் வருவார். தாய் சிறிது நேரம் வெளியே போவார், திரும்பி வருவார். மறுபடியும் போவார், வருவார். ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ மூன்று நிமிடம். பதினோராம் மாதத்தில் என் மகள், காலையில் அம்மா செருப்பை மாட்டும் ஓசை கேட்டாலே வாசலுக்குத் தவழ்ந்தோடி, கதவு சாத்தியதும் வீறிட்டு அழத் தொடங்கியிருந்தாள். பிரியும்போது இவ்வளவு அழுகிறாளே, பற்றுறவு உறுதியாக இல்லை போலிருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். அழுகையைத் தவிர்க்க வழியும் கண்டுபிடித்தேன்: அவளைப் பின்னறையில் பொம்மையோடு உட்காரவைத்துவிட்டு, மனைவியைப் பூனைபோல் வெளியேறச் சொன்னேன்.

முதல் நாள் வெற்றி. மூன்றாம் நாள் முதல் அவள் பொம்மையைத் தொடுவதையே விட்டுவிட்டாள். அம்மா குளியலறைக்குப் போனாலும் கதவைத் தட்டி அழுதாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் காலைக் கட்டிக்கொண்டாள். யார் எப்போது காணாமல் போவார்கள் என்று தெரியாத வீட்டில் யாருக்குத்தான் விளையாட்டில் மனம் செல்லும்? அந்தப் பக்கத்துக்கு நான் திரும்பியபோதுதான் என் பிழை தெரிந்தது. எய்ன்ஸ்வொர்த் முதன்மையாகக் கணித்தது தாய் திரும்பி வரும் கணத்தை. குழந்தை அவரை நாடுகிறதா, அவரிடம் ஆறுதல் அடைகிறதா, அடைந்தபின் மறுபடி விளையாடப் போகிறதா என்பதை. உறுதியான பற்றுறவுள்ள குழந்தைகளில் பலரும் பிரியும்போது அழவே செய்கிறார்கள். பிரிவுத் துயரம் எட்டு மாத வாக்கில் தலைகாட்டுவதற்கு அந்தச் சாவிக்கொத்தும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றியது: துண்டுக்குக் கீழே சாவி இருக்கிறது என்று அறிந்தவளுக்கு, கதவுக்கு அப்பால் அம்மா இருக்கிறாள் என்பதும், இங்கே இல்லை என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடுகின்றன.

மறுநாளிலிருந்து மனைவி வெளிப்படையாகவே கிளம்பினாள். தினமும் ஒரே வாக்கியம்: "அம்மா போயிட்டு வரேன் கண்ணு, நீ தூங்கி எந்திரிச்சதும் வந்துடுவேன்." ஒரு முத்தம், கதவு. நீட்டி முழக்குவதில்லை, பாதிப் படியில் திரும்பி வருவதும் இல்லை. அழுகை உடனே நின்றுவிடவில்லை. இரண்டு வாரம் ஓடியது. ஆனால் நாளின் மற்ற நேரங்களில் அவள் என் காலைக் கட்டிக்கொண்டிருப்பது நின்றது, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முகம்பற்றிய கதை இதைவிடச் சங்கடமானது. எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் செய்த அசைவற்ற முகச் சோதனையில், குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இரண்டொரு நிமிடம் குழந்தையைப் பார்த்தபடி இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், குரல் கொடுக்கும், கையை நீட்டும்; பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சிணுங்கும், துவண்டுபோகும். அந்த அத்தியாயத்தின் மெய்ப்பை மறுநாள் அனுப்பியாக வேண்டியிருந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் மோவாயைத் தட்டினாள், "ம்" என்றேன். மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள்; தலையைத் திருப்பாமலே சரிசெய்துகொண்டேன். "தா தா தா" என்று ஏழெட்டு முறை குரலை ஏற்றி ஏற்றிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அமைதியானாள். வேலை ஓடுகிறதே என்ற நிம்மதியில் பத்து வரி கடந்த பிறகுதான், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்ற வரிக்கு வந்து சேர்ந்தேன். குனிந்து பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு தன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

குற்ற உணர்ச்சியில் மூன்று நாள் வேலையே ஓடவில்லை; விழித்திருக்கும் நேரமெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கை தட்டிச் சிரிக்கவைக்கும் முயற்சியின் நடுவே அவள் கண்ணை விலக்கிக்கொண்டால், எதிர்ப்பக்கம் போய் மீண்டும் முகத்தை நீட்டுவேன். குழந்தை கண்ணை விலக்குவது, "கொஞ்சம் பொறு, மூச்சு விட்டுக்கொள்கிறேன்" என்பதற்கான அதன் மொழி என்று பிறகுதான் படித்தேன். எனக்கு ஆறுதல் தந்ததும் ட்ரோனிக்கின் இன்னொரு கண்டுபிடிப்புதான்: இயல்பான, அன்பான தாய் சேய் உறவிலும் இருவரும் ஒரே இசைவில் இருப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு நேரமே. எஞ்சிய நேரமெல்லாம் தவறிப்போவதும், தவறியதைச் சரிசெய்துகொண்டு மீண்டும் சேர்வதுமாகவே கழிகிறது. அந்தச் சரிசெய்தலே உறவை வளர்க்கிறது என்பது அவர் கருத்து. அதன்பின் நான் வேலையை இருபது நிமிடக் கூறுகளாகப் பிரித்துக்கொண்டேன். மடியில் வைத்துக்கொண்டு மெய்ப்புப் பார்ப்பதை நிறுத்தினேன். வேலை செய்யும்போது அவள் கீழே, மடியில் இருக்கும்போது வேலை மேலே. தவறிப்போனால், "என்னம்மா சொன்னே, அப்பா கவனிக்கலியே" என்று கேட்பேன். பெரும்பாலும் உடனே மன்னித்துவிடுவாள்.

நடக்கத் தொடங்கியதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு மாதம் கழிந்தும் அவள் நடக்கவில்லை. உறவினர் வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் நடந்ததை எனக்கு வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டினார்கள். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, தனியே நடக்கத் தொடங்கும் இயல்பான கால எல்லை 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை நீள்கிறது, 4.3 விழுக்காட்டுக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவேயில்லை. அந்த எண்களை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தது குழந்தைக்காக இல்லை, வந்துபோகிறவர்களுக்காக. பிறகு அவள் நடந்தாள், விழுந்தாள். கேரன் அடால்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதம் வரையுள்ள குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்துவைத்து 17 முறை விழுகிறார்கள். அதைப் படித்த பிறகும் ஒவ்வொரு விழுகைக்கும் நான் "ஐயோ" என்று பாய்ந்துகொண்டுதான் இருந்தேன்.

அந்த "ஐயோ"வை விட்டது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன். ஒருநாள் அவள் தலையணைக் குவியலில் சறுக்கி உட்கார்ந்தாள். வலிக்கவில்லை, வலிக்குமா வலிக்காதா என்று அவளுக்கே தெரியவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், பார்த்த பிறகுதான் அழுதாள். என் முகத்தில் எழுதியிருந்ததை அவள் படித்துவிட்டாள். 1985இல் ஜேம்ஸ் சோர்ஸ் குழுவினர் செய்த ஆய்வு இதற்கு இணையானது: கண்ணாடித் தளத்துக்குக் கீழே ஓரடிப் பள்ளம் தெரியும்படி அமைத்து, ஓராண்டுக் குழந்தைகளை அதன் விளிம்புக்கு வரவிட்டார்கள். எதிரே நின்ற தாய் மகிழ்ச்சி முகம் காட்டியபோது 19 பேரில் 14 பேர் கடந்தார்கள். அச்ச முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. நான் பழகிக்கொண்டது இதுதான்: அவள் விழுந்ததும் உள்ளுக்குள் மூன்று வரை எண்ணுவேன், முகத்தைச் சும்மா வைத்திருப்பேன், அவள் முதலில் காட்டுவதற்கேற்ப நான் பதில் காட்டுவேன். உண்மையாகவே அடிபட்டபோது அவள் மூன்று எண்ண விட்டதில்லை.

மொழிதான் என் தொழிலுக்குக் கிட்டத்தில் இருப்பது. ஆகவே அங்கேதான் அதிகம் சறுக்கினேன். அவளுடைய நான்காவது சொல் நிலா. அடுத்த சில வாரங்களில் சுவர்க் கடிகாரமும் நிலா, தட்டும் நிலா, என் சட்டைப் பொத்தானும் நிலா ஆயின. "இல்லம்மா, அது கடிகாரம். இல்லம்மா, அது பொத்தான்" என்று ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மை போட்டேன். ஒரு வாரத்தில் அவள் எதையும் சுட்டிச் சொல்லும் முன் என் வாயைப் பார்க்கத் தொடங்கினாள். சொல்வது குறைந்தது. தெரிந்த ஒரு சொல்லை அதற்குரிய பொருளைத் தாண்டி விரித்துச் சொல்வது ஏறத்தாழ எல்லா மொழிக் குழந்தைகளிடமும் காணப்படுவது. வட்டமானவற்றைத் தேர்ந்து ஒரு பெயரின் கீழ் திரட்டியிருக்கிறாள் என்றால், வகைப்படுத்தும் வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நான் "இல்லம்மா"வை விட்டேன். "ஆமா, கடிகாரமும் நிலா மாதிரி வட்டமா இருக்கு" என்று சொல்லத் தொடங்கினேன். சரியான சொல் அவள் காதில் விழுகிறது, அவள் சொன்னதும் செல்லுபடியாகிறது. இரண்டு மாதத்தில் கடிகாரம் "கிகாம்" ஆயிற்று.

மூன்றாம் வயதில் "நானுக்கு வேணும்" என்றாள். காது கூசியது. வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை, பேசவும் மாட்டார்கள். அப்படியானால் எங்கிருந்து கற்றாள்? யாரிடமிருந்தும் கற்கவில்லை. அம்மாவுக்கு, தாத்தாவுக்கு, பொம்மைக்கு என்று கேட்டவற்றிலிருந்து அவளே ஒரு விதியை வடித்து, அதை "நான்" என்ற சொல்லின்மேலும் வைத்துப் பார்த்திருக்கிறாள். கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்கு அப்பால், குழந்தைகள் விதிகளை உருவாக்குகிறார்கள் என்பதை ஜீன் பெர்கோ 1958இல் பொருளற்ற புதுச் சொற்களைக் கொடுத்து அவற்றின் பன்மையைக் குழந்தைகளைச் சொல்லவைத்து நிறுவினார். அதற்கு முன்பே "எனக்கு" என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் பின்னோக்கிப் போனதுபோல் தோன்றினாலும், மனப்பாடமாகச் சொன்னதை விட்டுவிட்டு இலக்கணத்துக்குள் நுழைந்திருக்கிறாள் என்பதே உண்மை. பெற்றோர் பொதுவாகக் குழந்தையின் பேச்சில் உண்மை பொய்யைத் திருத்துகிறார்களே தவிர இலக்கணத்தை அவ்வளவாகத் திருத்துவதில்லை என்று ரோஜர் பிரௌனும் கமில் ஹான்லனும் 1970இல் எழுதினார்கள். நான் திருத்தினேன், பலமுறை. ஒரு பலனும் இல்லை. "நானுக்கு" தானாக வந்ததுபோலவே ஒரு மழைக்காலத்தில் தானாகப் போனது. போனபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

இழப்பதும் வளர்ச்சி என்பதற்கு மொழியிலேயே இன்னொரு சான்று உண்டு. நமக்கு த, ட இரண்டும் இரவும் பகலும்போல் வேறு. ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்களுக்கு இந்தியில் உள்ள இதே வேறுபாடு காதில் பிடிபடுவது கடினம். ஆனால் ஆங்கிலச் சூழலில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அது நன்றாகவே பிடிபடுகிறது என்றும், பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிடுகிறது என்றும் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் காட்டினார்கள். சுற்றிலும் ஒலிக்கும் மொழிக்குக் காது தன்னைத் தீட்டிக்கொள்ளும்போது, அதற்கு வேண்டாதவை கழிகின்றன.

எல்லாப் பிழையையும் இப்படிப் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். நான் அந்தப் பக்கமும் சாய்ந்து தடுமாறினேன். இருபதாம் மாதத்திலும் அவள் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை. எல்லாம் தானாக வரும் என்ற என் புதிய ஞானத்தில் நான் மிதந்துகொண்டிருந்தேன். மனைவிதான், அவளுக்கு இருமுறை காதில் சீழ் வந்ததை நினைவுபடுத்தி, செவித்திறனைச் சோதிக்க அழைத்துப் போனாள். குறை ஒன்றும் இல்லை, இரண்டு வயதுக்குள் பேச்சும் தொடர்ந்தது. ஆனால் போனது சரிதான். பன்னிரண்டு மாதம் ஆகியும் "பா பா", "தா தா" போன்ற மழலை ஒலிகளோ, சுட்டிக் காட்டுதல், கையசைத்தல் போன்ற சைகைகளோ இல்லாவிட்டால், பதினாறு மாதம் ஆகியும் ஒரு சொல்கூட வராவிட்டால், இருபத்துநான்கு மாதம் ஆகியும் தானாக இரு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால், எந்த வயதிலானாலும் வந்த பேச்சோ பழக்கமோ பின்னர் மறைந்துபோனால், காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். பேச்சைப் பற்றிய ஐயம் என்றால் முதலில் காதைப் பார்க்கச் சொல்வார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதம் என்ற வாசகம் உண்மையானது என்பதாலேயே அதன் பின்னால் ஒளிந்துகொள்வது எளிதாக இருக்கிறது.

கடைசியாக, பிறர் மனம். ஒன்றரை வயதில், தலைவலியோடு நான் படுத்திருந்தபோது தன் எச்சில் ஊறிய துணிப்பொம்மையைக் கொண்டுவந்து என் கன்னத்தில் அழுத்தினாள். தனக்கு ஆறுதல் தருவது எனக்கும் தரும் என்பது அவள் கணக்கு. இரண்டரை வயதில், கால் இரண்டும் வெளியே தெரியத் திரைச்சீலைக்குப் பின்னால் முகத்தை மட்டும் மறைத்துக்கொண்டு, "என்னைக் கண்டுபிடி" என்றாள். தொலைபேசியில் பாட்டி கேட்கும் கேள்விக்கெல்லாம் வாய் திறக்காமல் தலையாட்டினாள். தனக்குத் தெரிவது வேறு, மற்றவருக்குத் தெரிவது வேறு என்பது இன்னும் பிரியவில்லை. ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் 1983இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் அளக்கிறது: ஒரு சிறுவன் தின்பண்டத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் அறியாமல் அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள், திரும்பி வந்து எங்கே தேடுவான் என்று கேட்டால், மூன்று வயதுக் குழந்தைகள் பொதுவாக இப்போது இருக்கும் இடத்தையே காட்டுகிறார்கள். நான்கு வயதைத் தாண்டும்போதுதான், அவனுக்கு மாற்றியது தெரியாதே என்ற எண்ணம் நிலைபெறத் தொடங்குகிறது. இதை அவளிடம் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. துண்டின் நினைவு வந்து, விட்டுவிட்டேன்.

சோதிக்காமலே விடை கிடைத்தது. அவளுக்கு நான்கு வயதும் இரண்டு மாதமும் ஆகியிருந்தபோது, நான் குளித்துவிட்டு வருவதற்குள் மேசைமேல் இருந்த மெய்ப்பின் எழுபதாம் பக்கம் முழுவதும் சிவப்புப் பேனாவால் வட்ட வட்டமாக யாரோ கிறுக்கியிருந்தார்கள். பேனா அலமாரிக்கு அடியில் உருண்டு கிடந்தது. மகள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா இதுல எழுதினது?"

"பூனைப்பா. வந்துச்சு, எழுதிச்சு, போயிடுச்சு."

எங்கள் வீட்டில் பூனை கிடையாது. நான் குளியலறையில் இருந்தேன், ஆகவே எனக்குத் தெரியாது, ஆகவே என் மனத்தில் வேறொன்றை வைக்க முடியும் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். கண்டிக்க வேண்டிய தகப்பன், அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். பிறகு பேனாவை உயரமான தட்டில் வைத்தேன், அவளுக்கென்று ஒரு கட்டு வெற்றுத் தாளும் மெழுகு வண்ணக் குச்சிகளும் கொடுத்தேன். மாற்றுப் பிரதி எடுக்க நேரமில்லாததால் எழுபதாம் பக்கத்தை அப்படியே பதிப்பகத்துக்கு அனுப்பினேன். மாலையில் அங்கிருந்து அழைத்து, இந்த வட்டங்களெல்லாம் என்ன குறியீடு என்று கேட்டார்கள். பூனை எழுதியது என்றேன்.